எக்செல் கணக்கைப் படமாக்கி அனுப்புவது எப்படி? கடலூர், புதுச்சேரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டைப்பிங், டிடிபி, கணக்கு அச்சிட்டுக் கொடுக்கும் வேலை செய்கிறேன். மாசி மகத்தை ஒட்டியும், தீபாவளிச் சீட்டு முடியும் சமயத்திலும், ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும்போதும் ஒரே வேலை திரும்பத் திரும்ப வரும்: "இந்த எக்செல் ஷீட்டைப் படமாக்கிக் கொடுங்க, வாட்ஸ்அப் குரூப்பில் போடணும்." விழாக் குழுவினர், மகளிர் சுய உதவிக் குழு ஊக்குநர்கள், படகு உரிமையாளர்கள், குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர்கள் எனப் பலரும் கேட்கிறார்கள். புதுச்சேரியிலிருந்தும் வருகிறார்கள். அவர்கள் கேட்டவற்றையும் என் பதில்களையும் இங்கே தருகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படமாக்குவது கடைசி ஒரு நிமிட வேலை. அதற்கு முன்னால் ஷீட்டைக் கைப்பேசியில் படிக்கிற மாதிரி அமைப்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

எக்செல் ஃபைலையே குரூப்பில் போட்டுவிடலாமே, படம் எதற்கு?

போடலாம். ஆனால் பலர் திறக்க மாட்டார்கள். செயலி இல்லாத கைப்பேசியில் ஃபைல் திறக்காது. திறந்தாலும் முதல் இரண்டு பத்திகள்தான் (மேலிருந்து கீழாக வரும் கட்டங்கள்) தெரியும். மீதியை விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டும். யாராவது தெரியாமல் ஒரு கட்டத்தைத் தொட்டு எண்ணை மாற்றி, அதையே மறுபடி அனுப்பிவிட்டால் எது அசல் என்ற பேச்சு கிளம்பும். படத்தில் அந்தத் தொல்லை குறைவு. வந்ததும் கண்ணில் படும், எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஃபைலை அனுப்பும்போது மறைத்து வைத்த பத்திகள், பக்கத்து ஷீட்டுகள், குறிப்புகள் எல்லாம் கூடவே போகின்றன. ஹைட் செய்த பத்தியை யார் வேண்டுமானாலும் அன்ஹைட் செய்துவிடலாம். படத்தில் கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான் போகும்.

படமாக்கி அனுப்பினால் எழுத்து எறும்பு ஊர்வது போலத் தெரிகிறது. ஏன்?

தாள் பெரியது, திரை சிறியது, அவ்வளவுதான் காரணம். கைப்பேசித் திரையின் அகலம் ஏறத்தாழ 7 செ.மீ. படுக்கை வாட்டில் வைத்த ஏ4 தாளின் அகலம் 29.7 செ.மீ. அந்தத் தாள் திரைக்குள் அடங்கும்போது எல்லாம் கால் பங்குக்கும் கீழே சுருங்குகிறது. 11 அளவில் நீங்கள் அடித்த எழுத்து அங்கே 2.6 அளவில் வந்து நிற்கும். எந்தக் கண்ணாடி போட்டாலும் அதைப் படிக்க முடியாது.

அதனால் ஏ4-ஐ மறந்துவிடுங்கள். பேஜ் லேஅவுட்டில் சைஸ் என்ற இடத்தில் ஏ5 எடுங்கள், நெட்டுவாட்டில் வையுங்கள். அகலம் 14.8 செ.மீ. திரைக்கு வரும்போது பாதிக்குச் சற்றுக் கீழே சுருங்கும். எழுத்தை 16 அளவில் அடித்தால் திரையில் ஏழரை அளவில் தெரியும், பெரிதாக்காமலே படிக்கலாம். ஓரங்களை அரை செ.மீ. ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் ஏ5 காணவில்லை என்றால், பிரிண்டராக மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப் என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பாருங்கள், வந்துவிடும்.

16 அளவில் அடித்தால் பன்னிரண்டு பத்தி எப்படி அடங்கும் என்று உடனே கேட்பீர்கள். அடங்காது. அடங்கவும் வேண்டியதில்லை. ஒரு தலைக்கட்டு வரிக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசை எண், பெயர், தகப்பனார் பெயர், தெரு, கதவு எண், கைப்பேசி எண், வரி, கட்டிய தேதி, கட்டிய தொகை, பாக்கி, ரசீது எண், வசூலித்தவர் என எல்லாம் அதில் இருக்கும். கணக்குப்பிள்ளைக்கு அத்தனையும் வேண்டும். குரூப்பில் பார்ப்பவர் தன் பெயரையும், கட்டிய பணம் பதிவாகிவிட்டதா என்பதையும்தான் தேடுகிறார். வரிசை எண், பெயர், கட்டிய தொகை, ரசீது எண், இந்த நான்கு போதும்.

இதற்காக அசல் ஷீட்டில் கை வைக்காதீர்கள். அதே ஃபைலில் "படம்" என்ற பெயரில் இன்னொரு ஷீட் போட்டு, சமக்குறி வைத்து அசலிலிருந்து அந்த நான்கு பத்திகளை மட்டும் இழுத்துக்கொள்ளுங்கள். அசலில் எண் மாறினால் இங்கேயும் தானாக மாறும். அடுத்த மாதமும் இதே ஷீட் உதவும்.

சரி, ஷீட் தயார். கணினியில் எப்படிப் படமாக்குவது?

எளிய வழி இது. வேண்டிய கட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். ஹோம் மெனுவில் காப்பி பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்பைச் சொடுக்கினால் காப்பி ஆஸ் பிக்சர் என்று வரும். அதில் ஆஸ் ஷோன் வென் பிரிண்டட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். திரையில் தெரியும் சாம்பல் கோடுகள் விலகி, நீங்கள் போட்ட கோடுகள் மட்டும் வரும். பிறகு பெயிண்ட் திறந்து ஒட்டி, பிஎன்ஜி என்ற பட வகையாகச் சேமித்துவிடுங்கள்.

அவசரத்துக்கு விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வேண்டிய இடத்தை மட்டும் வெட்டி எடுக்கலாம். அப்படிச் செய்யும் முன் எக்செல்லின் வலது கீழ் மூலையில் இருக்கும் ஜூமை 200-க்கு ஏற்றுங்கள். திரையில் எத்தனை பிக்சல் (படத்தை உருவாக்கும் சின்னப் புள்ளி) இருக்கிறதோ அத்தனைதான் படத்திலும் வரும். 100-இல் வெட்டிய எழுத்தைவிட 200-இல் வெட்டியது உயரத்திலும் அகலத்திலும் இரு மடங்கு பிக்சலோடு இருக்கும்.

பல பக்கம் இருந்தால் பிடிஎஃப் வழியாகப் போவதுதான் சுத்தமான வேலை. பிரிண்ட் ஏரியா குறித்து, அகலம் ஒரு பக்கத்துக்குள் அடங்கும்படி வைத்து, பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். கிம்ப் என்ற இலவச மென்பொருளில் அந்த பிடிஎஃப்-ஐத் திறந்தால் ரெசல்யூஷன், அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்று கேட்கும். 200 கொடுங்கள். ஏ5 பக்கம் சுமார் 1165-க்கு 1654 பிக்சலில் வரும். வாட்ஸ்அப்புக்கு அது தாராளம்.

என்னிடம் எக்செல் இல்லை. லிப்ரே ஆஃபீஸ் இருக்கிறது.

இன்னும் நல்லது. ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் போய் பிஎன்ஜி தேர்ந்தெடுத்தால் நேராகப் படமே கிடைக்கும். பக்க அளவையும் உங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம்.

கூகுள் ஷீட்ஸில் வரைபடத்தை (சார்ட்) மட்டும்தான் நேரடியாகப் படமாக இறக்க முடியும். அட்டவணைக்கு அந்த வசதி இல்லை. கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, பிரிண்ட் போய், தேர்ந்தெடுத்த கட்டங்கள் மட்டும் என்று சொல்லி பிடிஎஃப் எடுத்து, அதைப் படமாக்குங்கள்.

கைப்பேசி மட்டும்தான் இருக்கிறது.

பிடிஎஃப் ஆகச் சேமித்துத் திறந்து, திரை நிரம்பப் பெரிதாக்கி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மேலே தெரியும் மணி, பேட்டரி, வந்து நிற்கும் மெசேஜ் அறிவிப்பு எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். சங்கக் கணக்குப் படத்தின் தலையில் உங்கள் வீட்டு மெசேஜ் தெரிய வேண்டாம்.

பிஎன்ஜி, ஜேபெக் இரண்டில் எது?

எழுத்தும் எண்ணும் கோடும் இருந்தால் பிஎன்ஜி. புகைப்படம் என்றால் ஜேபெக். ஜேபெக் ஒரு படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட சின்னச் சதுரங்களாகப் பிரித்து, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத நுணுக்கத்தைக் கழித்துவிட்டுச் சேமிக்கிறது. கடலலைக்கும் முகத்துக்கும் அது பொருந்தும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து என்றால், கழித்த இடம் எழுத்தைச் சுற்றி அழுக்குப் புள்ளிகளாகத் தெரியும். ஒவ்வொரு முறை திறந்து சேமிக்கும்போதும் இன்னும் கொஞ்சம் போகும். 3, 8 போன்ற எண்களில்தான் குழப்பம் முதலில் வரும். பணக் கணக்கில் அது சின்ன விஷயமல்ல.

பிஎன்ஜி ஆகத்தான் அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் மங்கிவிட்டதே?

போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கி ஜேபெக் ஆக்கிவிடும். வழக்கமான தரத்தில் நீளமான பக்கம் ஏறத்தாழ 1600 பிக்சலுக்கு இறங்கும். அனுப்பும் முன் மேலே தெரியும் எச்டி பொத்தானை அழுத்துங்கள். 2023 ஆகஸ்ட் முதல் இந்த வசதி இருக்கிறது. துல்லியம் முக்கியம் என்றால் டாக்குமெண்ட்டாக இணைத்து அனுப்புங்கள், ஒரு பிக்சலும் குறையாது. ஆனால் டாக்குமெண்ட்டைத் தொட்டால்தான் திறக்கும் என்பதால் பலர் பார்க்காமலே விட்டுவிடுவார்கள். குரூப்புக்கு எச்டி போட்டோ, கணக்குச் சரிபார்ப்பவருக்கு டாக்குமெண்ட் என்று நான் பிரித்துச் சொல்கிறேன்.

எங்கள் பட்டியலில் 140 பேர். ஒரே நீளப் படமாகப் போடலாமா?

வேண்டாம். நீளப் படத்தை 1600 பிக்சலுக்குள் அடக்கினால் அகலம் ஒன்றுமில்லாமல் போய்விடும். பிரித்துப் போடுங்கள், ஆனால் எண்ணிக்கை பார்த்துப் பிரிக்காதீர்கள். தெரு வாரியாகப் பிரியுங்கள். கிழக்குத் தெருக்காரர் கிழக்குத் தெருப் படத்தைத் தேடித் திறப்பார். "36 முதல் 70 வரை" என்று தலைப்பு வைத்தால், தன் எண் என்ன என்று யாருக்கு நினைவிருக்கும்?

ஒவ்வொரு படத்திலும் தலைப்பு வரிசை வர வேண்டும். பேஜ் லேஅவுட்டில் பிரிண்ட் டைட்டில்ஸ் என்ற இடத்தில் முதல் வரிசையைக் குறித்துவிட்டால் எல்லாப் பக்கத்திலும் தானாக வரும். கீழே "4-இல் 2" என்று போடுங்கள். நெட் மெதுவாக இருக்கும்போது மூன்றாவது படம் முதலில் திறக்கும், இரண்டாவது திறக்காமலே நிற்கும். ஒன்று விட்டுப்போனது அந்த எண்ணைப் பார்த்தால்தான் தெரியும்.

தமிழ்ப் பெயர்கள் எல்லாம் குறிகளாக மாறி வருகின்றன.

இது இரண்டு விதமான கோளாறு. எது என்று முதலில் பாருங்கள்.

சிஎஸ்வி ஃபைலை (பத்திகளைக் காற்புள்ளி போன்ற குறியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) இரட்டைச் சொடுக்கில் திறந்தீர்களா? எக்செல் அதன் குறியாக்கத்தை, அதாவது எழுத்துகளைப் பதிந்து வைத்த முறையைத் தவறாக எடுத்துக்கொண்டிருக்கும். வெறும் எக்செல்லைத் திறந்து, டேட்டா மெனுவில் ஃப்ரம் டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வி போய், 65001 யூனிகோடு யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். தமிழ் சரியாக வந்துவிடும்.

ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரிகிறது, பழைய ஆள் அடித்த ஃபைல் என்றால் அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துரு. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் மட்டும்தான் தமிழாகத் தெரியும். எல்லாக் கணினியிலும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு மாறும்படி தமிழக அரசு 2010-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் இந்த ஃபைல்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. படம் இங்கே பெரிய உதவி. எழுத்துரு உள்ள கணினியில் ஒருமுறை படமாக்கிவிட்டால் பிறகு எங்கும் சரியாகத் தெரியும். அசலை யூனிகோடுக்கு மாற்றும் வேலையை மட்டும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளாதீர்கள்.

தமிழுக்கென்றே இன்னொன்று உண்டு: வரிசையின் உயரம். ஆங்கிலத்துக்கு வைத்த உயரத்தில் "கீ", "ஸ்ரீ" போன்றவற்றின் மேல் சுழியும் "கு", "மு" போன்றவற்றின் கீழ் வளைவும் வெட்டுப்படும். உயரத்தைக் கொஞ்சம் கூட்டி, நிர்மலா அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் வையுங்கள்.

எண்கள் வரும் இடத்தில் ######## என்று விழுகிறது.

பத்தி குறுகலாக இருக்கிறது. பத்தி எல்லைக் கோட்டை இரண்டு முறை சொடுக்கினால் விரிந்துவிடும். திரையில் சரியாகத் தெரிந்து, பிரிண்ட் பார்வையில் மட்டும் இப்படி விழுவதும் உண்டு. அதனால் படமாக்கும் முன் கன்ட்ரோல், பி அழுத்தி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1,25,000 என்று வர வேண்டியது 125,000 என்று வருகிறது.

விண்டோஸின் ரீஜன் அமைப்பில் இந்தியா என்று வைத்தால் சரியாகும். வேறொருவர் கணினியில் வேலை செய்கிறீர்கள் என்றால், கட்டத்தின் ஃபார்மட்டில் கஸ்டம் என்ற இடத்தில் இதை அப்படியே ஒட்டுங்கள்:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

கோடி, லட்சம், ஆயிரம் மூன்றுக்கும் நம் வழக்கப்படி காற்புள்ளி விழும்.

வங்கிக் கணக்கு எண்ணில் கவனம் தேவை. எக்செல் 15 இலக்கம் வரைதான் எண்ணாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க எண்ணை அடித்தால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். அந்தப் பத்தியை முதலிலேயே டெக்ஸ்ட் என்று குறித்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

பிரான்ஸில் இருக்கும் தம்பிக்குக் கணக்கு அனுப்பினால் எல்லாம் ஒரே பத்தியில் குவிந்திருக்கிறது என்கிறார்.

புதுச்சேரிக்காரர்கள் கேட்கும் கேள்வி. பிரெஞ்சு அமைப்பில் உள்ள கணினி காற்புள்ளியைத் தசமப் புள்ளியாக எடுத்துக்கொள்ளும். பத்திகளைப் பிரிக்க அரைப்புள்ளியை எதிர்பார்க்கும். நீங்கள் காற்புள்ளி போட்டுப் பிரித்த சிஎஸ்வி அங்கே போனால் ஒரே பத்தியாகத்தான் திறக்கும். வீட்டு வாடகை, நிலக் குத்தகை வரவு செலவை அவர் சும்மா பார்த்தால் போதும் என்றால் படமே அனுப்புங்கள். அங்கே கூட்டிக் கழிக்க வேண்டும் என்றால் எக்செல் ஃபைலாக அனுப்புங்கள், சிஎஸ்வி வேண்டாம்.

படத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை என்ன?

தேதி, நேரம், அலகு, யார் தந்த கணக்கு என்ற நான்கும். எனக்கு இதில் பிடிவாதமே உண்டு.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 40 செ.மீ.க்கும் மேல் மழை. அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கிக் கடலூர்க் கரையோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. அப்படிப்பட்ட நாட்களில் மழை அளவு, அணை நீர்த் திறப்பு என்று அட்டவணைப் படங்கள் கைமாறிக்கொண்டே இருக்கும். தேதி இல்லாத படம் காலையில் எடுத்ததா, முந்தின நாள் எடுத்ததா என்று யாருக்கும் தெரியாது. வெறும் "46" என்று இருந்தால் செ.மீ.யா, மி.மீ.யா? ஒன்று ஊரையே மூழ்கடிக்கும், மற்றொன்று சாதாரண மழை. ஆற்றோரத்தில் இருப்பவர் பெட்டி படுக்கையைக் கட்டுவதா வேண்டாமா என்று அந்தப் படத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்.

தலைப்பைப் படத்துக்குக் கீழே மெசேஜாக எழுதினால் போதாது. ஃபார்வர்டு ஆகும்போது அது கழன்றுபோகலாம். ஷீட்டின் முதல் வரிசையிலேயே எழுதுங்கள்: "டிசம்பர் 1, 2024, காலை 8.30 வரை 24 மணி நேர மழை, செ.மீ.இல்" என்பது போல.

கைப்பேசி எண், ஆதார் எண் எல்லாம் ஷீட்டில் இருக்கிறது. படத்தில் மறைக்கலாமா?

மறைக்காதீர்கள், எடுத்துவிடுங்கள். மேலே சொன்ன "படம்" ஷீட்டில் அந்தப் பத்தியே இருக்கக் கூடாது. கைப்பேசியில் இருக்கும் மார்க்கர் பலவற்றில் அடியில் உள்ளது லேசாகத் தெரியும். பிரைட்னஸைக் கூட்டினால் எண்ணைப் படித்துவிடலாம். வெட்டினால் போய்விடும் என்றும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. கூகுள் பிக்சல் கைப்பேசியிலும் விண்டோஸின் படம் வெட்டும் கருவியிலும் வெட்டிய பகுதி ஃபைலுக்குள்ளேயே தங்கிவிடும் கோளாறு 2023-இல் வெளியே வந்தது. பிறகு சரிசெய்துவிட்டார்கள். ஆனால் படத்தில் வராத எண்ணை யாராலும் மீட்க முடியாது.

"எக்செல் டு இமேஜ்" என்று இணையதளங்கள் இலவசமாகச் செய்து தருகின்றனவே?

மீன் விலைப் பட்டியல், விளையாட்டுப் போட்டி அட்டவணை என்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். உறுப்பினர் பெயர், கடன், வங்கி எண் உள்ள ஃபைலை ஏற்றாதீர்கள். அது யாருடைய சர்வரில் எத்தனை நாள் இருக்கும் என்று உங்களால் சொல்ல முடியாது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும், அந்த அக்கா உங்களை நம்பித்தான் எண்ணைக் கொடுத்தார்.

பாக்கி வைத்திருப்பவர்கள் பட்டியலைச் சிவப்பு நிறத்தில் போட்டுக் கொடுக்க முடியுமா?

நான் செய்து தருவதில்லை. படம் ஒரு குரூப்போடு நிற்காது. பெண் எடுத்த ஊர் வரைக்கும் போகும். கட்டியவர் பட்டியலைப் போடுங்கள், பாக்கிக்காரரிடம் நேரில் பேசுங்கள்.

அட்டவணையா, வரைபடமா?

தன் பெயரைத் தேடுகிறார்கள் என்றால் அட்டவணை. மாதா மாதம் ஏறியதா இறங்கியதா என்று காட்ட வேண்டும் என்றால் வரைபடம். வரைபடத்தில் வலது சொடுக்கு செய்து சேவ் ஆஸ் பிக்சர் என்றால் வேலை முடிந்தது. பட்டைகளை 0-இலிருந்து தொடங்குங்கள். இல்லாவிட்டால் சின்ன வித்தியாசம் பூதாகரமாகத் தெரியும்.

கண் தெரியாத உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு?

அவருடைய கைப்பேசி மெசேஜை வாசித்துக் காட்டும். படத்துக்குள் இருக்கும் எண்களை அப்படிச் சரியாக வாசிக்கும் என்று நம்ப முடியாது. படத்தோடு மொத்த வரவு, மொத்தச் செலவு, கையிருப்பு மூன்றையும் எழுத்தாகவும் போடுங்கள். அவருடைய சொந்தக் கணக்கைத் தனி மெசேஜில் அனுப்புங்கள்.

படம் மட்டும்தான் இருக்கிறது, ஃபைல் தொலைந்துவிட்டது. திரும்ப எக்செல் ஆக்க முடியுமா?

எக்செல் கைப்பேசிச் செயலியில் படத்திலிருந்து அட்டவணை எடுக்கும் வசதி உண்டு. கூகுள் லென்ஸும் எழுத்தைப் பிரித்துக் கொடுக்கும். எண்கள் ஓரளவு வரும். பெயர்களை நீங்களே அடிக்க வேண்டியிருக்கலாம். வந்த எண்களைக் கூட்டி, படத்தில் உள்ள மொத்தத்தோடு ஒப்பிடாமல் பயன்படுத்தாதீர்கள்.

ஆடிட்டருக்குப் படம் போதுமா?

போதாது. தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிந்திருந்தாலும் சரி, புதுச்சேரியில் 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதிந்திருந்தாலும் சரி, கேட்பது கணக்குப் புத்தகத்தையும் ரசீதையும்தான்.

குரூப்பில் போட்ட பிறகு ஒரு எண் தவறு என்று தெரிகிறது.

எல்லோருக்கும் அழிக்கும் வசதி இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரை வேலை செய்யும். ஆனால் அதற்குள் யார் யார் இறக்கி வைத்தார்களோ, அதை அழிக்க முடியாது. சத்தமில்லாமல் மாற்றாதீர்கள். அசல் ஷீட்டில் திருத்தி, "படம்" ஷீட்டின் தலைப்பில் "திருத்திய கணக்கு" என்று தேதி, நேரத்தோடு எழுதி, மாறிய வரிசைக்கு வெளிர் மஞ்சள் நிறம் கொடுத்துப் புதுப் படம் போடுங்கள். எந்த எண் எதுவாக மாறியது என்று கீழே ஒரு வரி எழுதுங்கள். அந்த வரிசைக்கு உரியவருக்கு ஒரு போன் செய்து சொல்லிவிடுங்கள்.